மரத்தடியில் தேன்காளான்

செப்டம்பர் 9

பிழைதிருத்துநர் அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அப்பா முகத்தில் தெரிந்திருக்கும். நீங்களும் அவரும் வாராவாரம் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார். சிரிப்புச் சத்தத்தோடு பல் தேய்க்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எதிராளி முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

வேறு எதற்காகவும் இல்லை, காளான் பற்றி கேட்கத்தான் எழுதுகிறேன். நம் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பொது முற்றத்தில் நிற்கிறதே பெரிய ஓக் மரம், அதன் அடியைச் சுற்றிப் போன வாரத்து மழைக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் காளான் முளைத்திருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அப்பா வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் வாணலியை என் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அங்கே தேடக் கூச்சப்படுவார்.

நீங்கள் இப்போது ஒரு காளான் புத்தகத்துக்குப் பிழை பார்ப்பதாக அப்பா குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் வியந்துகொண்டிருந்தார். அதனால் கேட்கிறேன். சாப்பிடலாமா, கூடாதா? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி


செப்டம்பர் 13

மூக்குக்கண்ணாடிக் கடை அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்து, மத்தியானம் வரை பிரிக்கவில்லை. காளான் என்று தெரிந்ததும் வந்த நிம்மதியில் இன்னொரு தடவை சாப்பிட்டேன்.

ஒரு வரி போதாது. முதல் வரி மட்டும் இது: யாரும் எதையும் வாயில் வைக்க வேண்டாம். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

இந்தப் புத்தகத்தை எழுதியவர் தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சகத்தில் அவருக்குக் காளானம்மா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்துக் காளானைச் சொல்லக் கூடாதாம். கொல்லுகிற காளானும் நல்ல காளானும் அக்கா தங்கை மாதிரி இருக்குமாம். அவர் செய்து பார்க்கச் சொன்னவை:

கிள்ளி எடுக்காதே. அடி மண்ணோடு கத்தியால் நெம்பி எடு. அடியில் கிண்ணம் போல், பை போல் ஏதாவது மூடியிருக்கிறதா பார். இருந்தால் அது பெரிய ஆபத்தின் அடையாளம். தண்டில் வளையம் இருக்கிறதா? குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் என்ன நிறம்? பிறகு, ஒரு குடையை மட்டும் வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு தம்ளரை மூடி இரவு முழுக்க வை. காளானுக்கு விதை கிடையாது, வித்துத்தூள்தான். காலையில் அது காகிதத்தில் கோலம் மாதிரி விழுந்திருக்கும். அதன் நிறம்தான் முக்கியச் சாட்சி. காகிதத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அந்தத் தம்ளரில் அப்புறம் யாரும் எதுவும் குடிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மரத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "முதல்ல பார்க்கட்டும்" என்றார்.

அன்புடன்,
பிழைதிருத்துநர்

பி.கு.: "காளான் பற்றி கேட்க" இல்லை, "பற்றிக் கேட்க". க் வேண்டும்.


செப்டம்பர் 19

பிழைதிருத்துநர் அவர்களுக்கு,

க் க் க் ச் ச் த் த் ப் ப். இந்தக் கடிதத்துக்குத் தேவைப்படுகிற ஒற்றுகள் எல்லாம் இவை. வேண்டிய இடத்தில் நீங்களே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் மரத்தடியில் மண்டியிட்டு உட்கார்ந்து கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தேன். வரிசை முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செயலாளர் (குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த வருஷமும் அவர்தான் செயலாளர்) வந்து பொது இடத்தில் தோண்ட அனுமதி வாங்கினாயா என்று கேட்டார். அப்பா அவரிடம், "ஆராய்ச்சி சார், தள்ளி நில்லுங்க" என்றார். அப்பாவுக்கு இதில் எல்லாம் குஷி. தம்ளர் கேட்டபோது மட்டும் தகராறு செய்தார். அவர் டீ குடிக்கிற தம்ளரை எடுத்துவிட்டேனாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

கடையிலிருந்து பெரிதாகக் காட்டும் லென்ஸைக் கொண்டுவந்து பார்த்தேன். நாளெல்லாம் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் தேடுகிறவள் நான், சும்மா சொல்லவில்லை. குடை தேன் நிறம், நடுவில் கொஞ்சம் கறுப்பு, அங்கே மெல்லிய செதில்கள். மடிப்புகள் அழுக்கு வெள்ளை. தண்டில் கழுத்துப் பட்டை மாதிரி வளையம் இருக்கிறது. அடியில் கிண்ணமோ பையோ இல்லை. எல்லாத் தண்டுகளும் ஒரே அடியில் சேர்ந்து கொத்தாகக் கிளம்புகின்றன. ஒரு விசித்திரம்: கொத்தில் மேலே இருக்கும் குடைகள் கீழே இருப்பவற்றின் மேல் மாவு தூவினாற்போல் எதையோ கொட்டியிருக்கின்றன. காகிதத்தில் விழுந்ததும் அதே வெள்ளைத் தூள்தான். காகிதத்தைக் கண்ணாடித் தாளில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். கறுப்புப் பாதியைப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான கோடுகள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கடைக்கு நேரமாகிவிட்டது.

மரத்தையும் பார்த்தேன். நம் படுக்கையறைப் பக்கத்துக் கிளைகளில் இலை இப்போதே பாதி கொட்டிவிட்டது. மற்றப் பக்கம் பச்சையாக இருக்கிறது. காளான் இருக்கிற இடத்தில் பட்டை லேசாக விட்டிருந்தது. விரலால் தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே கறுப்பு நிறத்தில் ஷூ லேஸ் மாதிரி இழைகள் மரத்தோடு ஒட்டி ஓடுகின்றன. தொட்டதும் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா தினமும் மத்தியானம் அந்த மரத்தடியில்தான் நாற்காலி போட்டுச் செயலாளரோடு சதுரங்கம் ஆடுகிறார். தோற்றால் காற்றின் மேல் பழி போடுகிறார்.

இப்போதாவது சொல்லுங்கள், வாணலியை வெளியே எடுக்கலாமா?

இப்படிக்கு,
ஆராய்ச்சியாளர்


செப்டம்பர் 24

அன்புள்ள ஆராய்ச்சியாளருக்கு,

உன் காகிதத்தையும் கடிதத்தையும் காளானம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வித்துத்தூளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக என் மாணவர்கள்கூட எடுத்ததில்லை என்றார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். ஷூ லேஸ் வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மரம் வீட்டுலேருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

அதன் பெயர் தேன்காளான். வெள்ளைத் தூள், வளையம், கொத்து, கறுப்பு இழை, எல்லாம் பொருந்துகிறது. கடிதத்தை வைத்து யாரையும் தின்னச் சொல்ல மாட்டேன் என்கிறார். வாணலி அலமாரியிலேயே இருக்கட்டும். ஆனால் விஷயம் அது இல்லை. அந்தக் காளானை நாம் சாப்பிடலாமா என்று நீ கேட்டாய். அது மரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே தெரிகிற கொத்து வெறும் பூ மாதிரி. உண்மையான உடம்பு அந்தக் கறுப்பு இழைகள்தான். வேருக்குள் புகுந்து, மரம் பச்சையாக நிற்கும்போதே உள்ளே நார் நாராக்கிவிடும். பல வருஷம் நிற்கலாம், நாளைக்கே விழலாம் என்கிறார். இலை கொட்டிய பக்கத்து வேர்தான் போயிருக்கும். அந்தப் பக்கம் நம் படுக்கையறை.

நேற்று மாலை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடித ஒப்பந்தத்தை மீறினேன் என்று கோபமாக இருக்கலாம். மாமாவிடம் பேசினேன், சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை என்றார். அதனால் அவர் உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

தயவுசெய்து இன்றே முன்னறைக்கு மாறிக்கொள்ளுங்கள். மாமாவின் நாற்காலி மரத்தடியில் இருக்கக் கூடாது. நகராட்சியில் மரங்களைப் பார்க்கிற பிரிவு ஒன்று உண்டு, அங்கே எழுதிக்கொடு.

அன்புடன்,
பிழைதிருத்துநர்


அக்டோபர் 3

உங்களுக்கு,

அப்பா சொல்லவில்லை. கேட்டதற்கு, உனக்குக் கவலை வேண்டாமென்றுதான் என்றார். உங்கள் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். "அந்த மரம் எனக்கு முன்னாடியே இங்க இருக்கும்மா, எனக்குப் பின்னாடியும் இருக்கும்" என்றார்.

நகராட்சி அதிகாரி வந்தார். மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் கெட்டியான சத்தம், நம் பக்கம் காலி டப்பாச் சத்தம். வெட்டத்தான் வேண்டும், ஆனால் வரிசைப்படிதான் வருவோம், அடுத்த மாதக் கடைசி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் செயலாளர் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார். மரத்தைக் காப்போம் என்று. வரிசையில் எல்லாரும் போட்டார்கள். அப்பாவும் போட்டார். என் சொந்த அப்பா. நான் கடைக்குப் போகும்போது, மரத்தை வெட்டச் சொன்னவள் போகிறாள் என்று பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தை என்னிடம் நேராகவே கேட்டது, "மரத்துக்கு வலிக்காதா?" என்று. நான் என்ன பதில் சொல்வது?

முன்னறைக்கு வந்துவிட்டோம். அப்பா குறட்டைக்கு ஜன்னல் அதிருகிறது. மரம் விழாவிட்டாலும் இந்த வீடு விழும்.

ஒன்று சொல்லவேண்டும். நாற்காலியை எடு, அறையை மாற்று, எழுதிக்கொடு என்று அங்கிருந்து எழுதுவது சுலபம். இங்கே இருந்து ஊராரிடம் பேச்சு வாங்குவது நான். போன வருஷம் பழைய அச்சகத்தை மூடினார்கள், உங்களுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது, அதெல்லாம் நியாயம். போகிறேன் என்றீர்கள். நான் சரி என்றேன். நீயும் வா என்று நீங்கள் கேட்கவில்லை. போகாதீர்கள் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக இருந்திருக்க வேண்டுமா?

இதைப் போனில் சொல்லியிருந்தால் நீங்கள் குறுக்கே பேசியிருப்பீர்கள். இப்போது முழுவதும் படித்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
நான்தான்


அக்டோபர் 8

அன்புள்ள உனக்கு,

காளானம்மா கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி செயலாளருக்கும் நேராக அனுப்பிவிட்டேன். காளானம்மா பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களைப் பார்த்தாவது செயலாளர் கொஞ்சம் யோசிக்கட்டும். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் அந்த அம்மாவே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரத்துக்கு வலி தெரியாது, ஆனால் அது தாகமாக இருக்கிறது, வேர் போனதால் தண்ணீர் குடிக்க முடியவில்லை, அதனால்தான் இலையைக் கொட்டுகிறது என்று சொல்லச் சொன்னார்.

கடைசியில் நீ எழுதியிருந்ததற்குப் பல தடவை பதில் எழுதினேன். எழுதிவிட்டுத் திருத்த உட்காருவேன். பிழை என்று பட்டதையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. இந்தத் தொழிலே இப்படித்தான். அதனால் திருத்தாமல் ஒன்று எழுதுகிறேன்: நீ கேட்டது சரியான கேள்வி. அந்த அளவு மரியாதை வேண்டியிருக்கவில்லை.

மழை பலமாக வரும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கவனமாக இரு.

அன்புடன்,
நான்


அக்டோபர் 21

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: எல்லாரும் நலம். அப்பா, நான், செயலாளர், எதிர்வீட்டுக் குழந்தை எல்லாரும். போன் இன்னும் வேலை செய்யவில்லை, ரோட்டில் கம்பங்கள் சாய்ந்துகிடக்கின்றன. தபால்காரர் மட்டும் எப்படியோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அதனால்தான் இது.

மரம் விழுந்துவிட்டது.

மழையிலும் காற்றிலும் விழவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டு நாள் பேய்க்காற்று அடித்தது, மரம் அசையவில்லை. நேற்று மத்தியானம் வெயில் வந்து, காற்று நின்று, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. செயலாளருக்கு வெற்றிக் களிப்பு. உங்கள் காளானம்மா அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, அவ்வளவு காத்துலயும் ஒண்ணும் ஆகலையே" என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியையும் சதுரங்கப் பலகையையும் மரத்தடியில் போட்டுவிட்டார். அப்பாவும் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். ஒரே ஒரு ஆட்டம் என்றார்.

நான் கோபத்தில் திரும்பி நடந்தேன். பின்கதவுப் படியில் கால் வைத்தபோது தரையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தடித்த துணியைக் கிழிக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால், மரத்தின் அந்தப் பக்கம் புல்தரை மெதுவாக எழும்புகிறது. உள்ளே யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி எழும்பி, அடங்கியது. அவர்கள் இருவர் கண்ணும் பலகை மேல். பார்க்கவில்லை.

மரம் விழப்போகிறது என்று கத்தினால் அப்பா வாதாடுவார் என்று எனக்குத் தெரியும். நின்று, தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு வாக்கியம் சொல்வார். அவ்வளவு நேரம் இல்லை. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வீட்டுக்குள்ளிருந்து சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னேன்:

"அப்பா, அவர் போன்ல இருக்கார். வீட்டுக்கு வரேன்னு சொல்றார்."

போன் காலையிலிருந்து செத்துக் கிடந்தது அவருக்கும் தெரியும். அவர்தான் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்து வைத்தவர். ஆனாலும் எழுந்து ஓடி வந்தார். இந்த வயதில், ஒரு செருப்போடு. செயலாளரும், மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்கும் ஆசையில் பின்னாலேயே வந்துவிட்டார். அப்பா என்னைத் தாண்டி உள்ளே போய்ப் போனைக் கையில் எடுத்து ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மரம் விழுந்தது.

சத்தத்தைப் பற்றி எழுத முடியவில்லை. விழுந்த பிறகு இருந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது. பாதி மரம் முற்றத்தில், பாதி நம் படுக்கையறையில். கூரை, ஜன்னல், கட்டில் எல்லாம் போயிற்று. நாற்காலிகள் இருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் கிளைகள். செயலாளர் புதிதாக வாங்கிய ஸ்கூட்டரை மரத்து நிழலில் நிறுத்தியிருந்தார். அது இப்போது தட்டையாக இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னேம்மா, நீ சொன்னே" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் வீட்டில் போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருந்தார். எல்லாரும் கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.

வேரைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு நம் பக்கத்தில் வேர் என்று ஒன்றுமே இல்லை. ஈரப் பஞ்சு மாதிரி கையில் பிய்கிறது.

இன்னொன்று. படுக்கையறையில் உங்கள் தலையணை மேல் என் தொடை அளவுக் கிளை ஒன்று கிடக்கிறது. நீங்கள் போன பிறகும் அந்தத் தலையணையை நான் எடுத்து வைக்கவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப மாப்பிள்ளை வரலையா?" என்பது. பொய் சொன்னதற்கு அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்புடன்,
உங்கள் மனைவி


அக்டோபர் 26

அன்பு மனைவிக்கு,

புயல் செய்தி கேட்டதிலிருந்து பஸ் நிலையத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ரோடு திறக்கவில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அங்கே இருக்கும் டீக்கடைக்காரருக்கு இப்போது நம் குடும்பக் கதை முழுக்கத் தெரியும். உன் கடிதம் வந்த அன்று அவரிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடிதத்தைக் காளானம்மாவிடம் படித்துக் காட்டினேன். தேன்காளான் பிடித்த மரம் காற்று நின்ற பிறகும் விழும் என்பதைப் புத்தகத்தில் சேர்க்கப்போகிறாராம். வித்துத்தூள் எடுக்கும் பக்கத்தில் உன் காகிதத்தின் படத்தைப் போட உன்னிடம் அனுமதி கேட்கச் சொன்னார்.

நீ பொய் சொல்லவில்லை என்று ஆக்கிவிட ஒரு வழி இருக்கிறது. முதலாளியிடம் பேசினேன். அச்சடித்த தாள்களைத் தபாலில் அனுப்பினால் எங்கே உட்கார்ந்தும் திருத்தலாம், வாரம் தவறாமல் திரும்பி வந்தால் சரி என்கிறார். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார். இதை ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்றார்.

கேட்காமல் முடிவு செய்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால் கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரட்டுமா?

உன்
கணவன்


அக்டோபர் 31

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். இந்நேரம் வரிசை முழுக்கப் படித்திருக்கும். இனி நான் மறுத்தால் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

படத்துக்கு அனுமதி கொடுத்தேன் என்று சொல்லுங்கள். புத்தகம் வந்ததும் கடையில் கண் பரிசோதிக்க வருகிறவர்களை அந்தப் பக்கத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

கூரை போட ஆட்கள் வந்துவிட்டார்கள். நகராட்சிக்காரர்கள் மரத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள், வேரையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். புது ஜன்னல் நேற்றுத்தான் வைத்தார்கள். இன்று காலை அந்த அறைக்குள் போன நான் வெளியே வரவேயில்லை. இத்தனை வருஷமாக அங்கே பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தோம், நினைவிருக்கிறதா? இப்போது சூரியன் எழுந்ததும் நேராகச் சுவர் வரை வருகிறது. தரையில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் தெரிகிறது.

அறைகலன் கடையிலிருந்து ஒரு மேஜை கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். எங்கே போடுவது என்று அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் ஜன்னலைப் பார்த்தபடி என்றார். கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் உங்கள் இடது பக்கம் இருக்கும்படி போட்டிருக்கிறேன். எழுதுகிற கை வலது, நிழல் தாளில் விழாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. அது தபாலைவிடச் சீக்கிரம் வருகிறது.

உங்கள்
மனைவி